மூன்று தரம் அடைத்த பல்: களுதாவளையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பரில் ஒரு பின்னேரம் அக்கா கடைக்கு வந்தார். களுவாஞ்சிகுடியில் ஒரு மருந்துக் கடையில் நான் வேலை செய்கிறேன். ஆட்கள் நிறைந்து நின்ற நேரம். ஒன்றும் பேசாமல் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில், கடுகை விடப் பெரிய, பயறை விடச் சிறிய வெள்ளைத் துண்டு ஒன்று.

"மறுகாவும் கழண்டு போச்சு தம்பி."

அன்று காலையே பஸ் ஏறி, அடைப்புப் போட்ட மட்டக்களப்பு டவுன் கிளினிக்குக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். "திரும்ப அடைச்சுப் பிரயோசனம் இல்ல, வேர்ச் சிகிச்சை செஞ்சு கிரவுன் போடணும்" என்று சொல்லி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேர்ச் சிகிச்சைக்கு, அதாவது பல்லின் நரம்பை எடுத்து வேரை அடைப்பதற்கு, 30,000 ரூபாய். பல்லின் மேல் மாட்டும் உறையான கிரவுனுக்கு 38,000 ரூபாய். மொத்தம் 68,000. அக்கா வீட்டில் தையல் தைக்கிறவர். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் கூட அந்தத் தொகை அவர் கையில் ஒன்றாகச் சேராது.

"பெரியாஸ்பத்திரியில போய்ப் புடுங்கிப் போடுவம். அது சும்மாதானே."

அந்தப் பல்லை அன்று பிடுங்கவில்லை. இன்றும் அது வாயில் இருக்கிறது. இடையில் நடந்ததைத் திகதி வாரியாகவும் செலவு வாரியாகவும் எழுதி வைக்கிறேன். முன்பு அடைத்த இரண்டு கிளினிக்கின் பெயரையும் எழுதவில்லை. இரண்டிலும் இருந்தவர்கள் படித்த, பதிவு பெற்ற பல் டொக்டர்கள், அக்காவை மரியாதையாகவே நடத்தினார்கள். ஆனால் அடைப்பு ஏன் கழன்றது என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்கு வந்த செலவில் பெரும் பகுதி அந்தக் கேட்காத கேள்வியால் வந்தது என்பது என் முடிவு.

பல்லின் வரலாறு

கீழ்வாயில் இடப்பக்கத்து முதலாவது பெரிய கடைவாய்ப்பல். பல் டொக்டர்கள் எழுதும் கணக்கில் 36ஆம் இலக்கம். ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் பல் இது. இதையும் பால்பல் என்று நினைத்து, விழட்டும் என்று விட்டுவிடும் தாய்மார் எங்கள் ஊரில் நிறையப் பேர். அதனால் நிரந்தரப் பற்களில் முதலில் சூத்தை விழுவதும் அனேகமாக இதில்தான்.

அக்காவுக்குப் 17 வயதில், 1997இல், அரச ஆஸ்பத்திரியில் இதை வெள்ளி நிற அடைப்பால் அடைத்தார்கள். சண்டைக் காலம், ஒரு தரம் போய் வருவதே பெரிய காரியம். அந்த அடைப்பு 24 வருடம் நின்றது. 2021 செப்டெம்பரில் பாக்குக் கடித்தபோது பின்பக்க மூலை, பல்லோடு சேர்ந்து உடைந்தது. வீட்டுக்குக் கிட்ட இருந்த தனியார் கிளினிக்கில் பழையதை எடுத்துவிட்டு வெள்ளை அடைப்புப் போட்டார்கள். 4,500 ரூபாய். பற்றுச்சீட்டு இல்லை, அடுத்த தவணை எழுதும் சின்ன அட்டை மட்டும்.

இரண்டு மூன்று மாதத்தில் அந்த இடுக்கில் சாப்பாடு மாட்டத் தொடங்கியது. முருங்கைக்காய் நார், கீரைத் தண்டு, மீன் சதை. ஈர்க்குக் குச்சியால் எடுத்துக்கொண்டே இருந்தார். அதை ஒரு நோயின் அறிகுறி என்று யாரும் நினைக்கவில்லை.

2022 ஜூனில் அடைப்பு முழுதாகக் கழன்றது. அந்த மாதம் நாடு இருந்த நிலை எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் வரிசை, ஓடாத பஸ், மணிக்கணக்கான மின்வெட்டு. பல் அடைப்பை இறுக வைக்கும் நீல விளக்குக்கும், பல்லைக் கடையும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும். கிளினிக் இரண்டு தரம் தவணையைத் தள்ளி வைத்தது. பிறகு அக்காவே போவதை விட்டுவிட்டார். குழியோடு நாலு மாதம் போனது.

அந்த நாலு மாதத்தில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. பல்லுக்கொதி என்று அக்கா வந்தபோதெல்லாம் கடையில் இருந்த கராம்பு எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்தேன். பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைத்தால் கொதி அடங்கும், உண்மைதான். ஆனால் கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோல் என்ற பொருள் வெள்ளை அடைப்பின் பசை இறுகுவதைக் கெடுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அடைக்கப் போன அன்று, எண்ணெய் வைத்தோம் என்று டொக்டரிடம் சொல்லவும் இல்லை.

2022 ஒக்டோபரில் டவுன் கிளினிக்கில் இரண்டாவது தரம் அடைத்தது. இப்போது 8,000 ரூபாய். இந்தப் பொருட்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவை. அந்த வருடம் மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தைக்கு விட்டபிறகு ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. விலை ஏறியதற்கு டொக்டரைக் குறை சொல்ல ஏலாது.

அடைத்து வந்த இரவே கடிக்கும்போது வலித்தது. "அடைப்புப் புதுசு, பழகினாச் சரி வரும்" என்று மூன்று கிழமை பொறுத்தார். பிறகு போனபோது உயரமாக நின்ற இடத்தைத் தேய்த்துவிட்டார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. வலி போனது, சாப்பாடு மாட்டுவது போகவில்லை. பதின்மூன்று மாதத்தில் அடைப்புக் கழன்று உள்ளங்கையில் வந்து இருந்தது.

டிசம்பர், மாரி மழை

பிடுங்குவதற்கு முன் ஒரு தரம் காரணம் கேட்போம் என்று அக்காவைக் கெஞ்சி, அரச ஆஸ்பத்திரியின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். மழை விடாத நாள். காலை ஏழு மணிக்கு இலக்கத் துண்டு எடுத்து, பத்தரைக்கு உள்ளே போனோம். இளம் டொக்டர், பெண். கழன்ற துண்டைக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோயிருந்தோம். முதலில் அதைத்தான் வாங்கி, திருப்பிப் பார்த்தார்.

"இதை எறியாம வச்சது நல்லம்" என்றார். துண்டின் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. பல்லின் பகுதி ஏதும் அதில் ஒட்டி வரவில்லை, நடுவால் உடையவும் இல்லை. அடைப்பு நன்றாக ஒட்டியிருந்து உடைந்தால் ஒரு விதமாக வரும், ஒட்டாமல் உரிந்தால் வேறு விதமாக வரும். இது உரிந்தது.

பிறகு கேள்விகள். கழர முதல் அந்த இடத்தில் சாப்பாடு மாட்டியதா? குளிர்த்தண்ணி குடித்தால் கூசுமா, எவ்வளவு நேரம்? இரவில் சும்மா இருக்கும்போது கொதித்து எழுப்புமா? நித்திரையில் பல்லை நெறுமுவீர்களா? வெற்றிலை போடுவீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை வாய்? அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு வருடத்தில் இந்தக் கேள்விகளை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தரம்.

எக்ஸ்ரேயில் மூன்று விசயம் தெரிந்தது. பல்லின் பின்பக்கத்தில், முரசுக்கு (பல் ஈறுக்கு) கீழே போகும் ஆழத்தில் ஒரு கறுப்பு நிழல், அது புதுச் சூத்தை. நிழலுக்கும் நரம்புக்கும் நடுவே மெல்லிய படை ஒன்று மிச்சம். வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு இல்லை. பஞ்சில் குளிர் மருந்து விசிறிப் பல்லில் வைத்தார். அக்கா சடாரென்று கையைத் தூக்கினார். நாலு வினாடிக்குள் கூச்சம் போய்விட்டது.

"நரம்பு உசிரோட இருக்கம்மா. இந்தக் கூச்சம் அரை நிமிசம், ஒரு நிமிசம் எண்டு நிண்டிருந்தா, இல்ல ராவில தானாக் கொதிச்சிருந்தா, நானும் வேர்ச் சிகிச்சைதான் சொல்லியிருப்பன்."

அதன் பிறகு செய்தது சின்னக் காரியம். மெழுகு பூசிய பல் நூலை எடுத்து முன்பக்க இடுக்கில் இறக்கினார். நூல் தடக்குப்பட்டு, "டிக்" என்று இறங்கியது. அதே நூலைப் பின்பக்க இடுக்கில் இறக்கினார். சத்தமே இல்லை, காற்றுக்குள் போவது போலப் போனது.

அக்கா தையல்காரி. டொக்டர் விளக்க முதலே அவருக்கு விளங்கிவிட்டது. "ரெண்டு துணியும் பொருந்தாம நிண்டா அந்த இடத்திலதான் டொக்டர் தையல் விடும்."

டொக்டர் சிரித்துவிட்டு அதையே விரித்துச் சொன்னார். பக்கத்துப் பல்லும் இந்தப் பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாமல் மயிரளவு இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு கவளமும் அதற்குள் ஆப்புப் போல அறையும். அறைந்தது முரசின் மேல் தங்கும். முரசு வீங்கும், தொட்டால் இரத்தம் கசியும். கசியும் முரசுக்குப் பக்கத்தில் வெள்ளை அடைப்புப் போட்டால் பசை ஈரத்தில் ஒட்டாது. ஒட்டாத விளிம்பால் எச்சிலும் கிருமியும் உள்ளே போய் அடியில் புதுச் சூத்தை விழும். மேலிருந்து பார்த்தால் அடைப்பு வெள்ளையாக, அழகாகத்தான் தெரியும்.

முதலாவது அடைப்பில் விட்ட இடைவெளிதான் இரண்டாவது அடைப்பையும் கழற்றியது. இரண்டாவது டொக்டர் போட்ட பொருள் நல்ல பொருளாகவே இருந்திருக்கும். ஆனால் வீங்கின முரசுக்குப் பக்கத்தில், அதே இடைவெளியை விட்டு, இரத்தம் கசியும் விளிம்பில் போட்டிருக்கிறார்.

அப்போ பழையது மட்டும் 24 வருடம் நின்றது எப்படி

இதை நான் கேட்டேன். ஊரில் எல்லாரும் சொல்வதுதான்: அந்தக் கால அடைப்புப் போல வராது.

பாதி உண்மை. வெள்ளி அடைப்பில் ஏறத்தாழப் பாதி பாதரசம், மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அது பல்லோடு ஒட்டுவதில்லை. குழியின் வாயை விட அடியை அகலமாக்கி, பூட்டுப் போட்டது போலப் பிடிக்க வைப்பார்கள். அதனால் கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். அதை இறுக்கி அடைக்கும்போது, பல்லைச் சுற்றி வைத்த உலோகத் தகட்டை அதுவே பக்கத்துப் பல்லோடு தள்ளிவிடும், தொடுகை தானாக அமையும். வெள்ளை அடைப்பு மென்மையான பசை, தகட்டைத் தள்ளும் பலம் அதற்கு இல்லை. தொடுகையை டொக்டர்தான் உண்டாக்க வேண்டும். வளைந்த சின்னத் தகடு, அதை இறுக்கும் வளையம், இடுக்கில் செருகும் மர ஆப்பு, இவை மூன்றும் வேண்டும், அவசரம் இல்லாத நேரமும் வேண்டும். ஒரு தடவையில் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் போட்டால் விளக்கு வெளிச்சம் அடி வரை போகாது. இறுகும்போது பொருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அதனால் படை படையாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் விளக்குப் பிடித்து, பொறுமையாகக் கட்ட வேண்டும்.

மற்றப் பாதி: வெள்ளி அடைப்பு பூட்டுக்காக நல்ல பல்லையும் வெட்டி எடுக்கிறது. அக்காவின் பல் மூலை உடைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. பாதரசப் பாவனையைக் குறைக்க 2013இல் நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து இந்த அடைப்பைப் பொதுவாக நிறுத்திவிட்டது. ஆகவே திரும்ப வெள்ளியே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்பதில் காலம் போகுமே தவிர வேறு பயன் இல்லை. அதே நேரம், வாயில் ஏற்கனவே நன்றாக நிற்கும் வெள்ளி அடைப்பை, நிறம் பிடிக்கவில்லை என்றோ பயத்திலோ யாரும் தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டும் ஒவ்வொரு தரமும் பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகும்.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். அடைப்பை மாற்றலாம், மாற்ற மாற்றக் குழி பெருக்கும். சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகும், பெரிய அடைப்பு கிரவுனாகும், பிறகு வேர்ச் சிகிச்சை, பிறகு பிடுங்கல். பணத்தைத் திரும்ப உழைக்கலாம், போன பல்லைத் திரும்ப வாங்க ஏலாது. காரணம் தெரியாமல் மாற்றுகிறவர் அந்தப் படியில் ஒன்று சறுக்குகிறார்.

மற்றக் காரணங்களையும் டொக்டர் நிறுத்துப் பார்த்தார். கராம்பு எண்ணெயை நான் சொன்னேன். அது ஒன்றே கழற்றியிருக்காது, நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்தால் போய்விடும், ஆனால் சொல்லியிருக்க வேண்டும் என்றார். உயரமாக நின்ற மூன்று கிழமையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். விறைப்பு ஊசி போட்ட வாய்க்குச் சரியாகக் கடிக்கத் தெரியாது, விறைப்பு இறங்கிய பிறகுதான் உயரம் தெரியும். அடுத்த நாளே போயிருந்தால் நிறம் பிடிக்கும் கடதாசியைக் கடிக்கவைத்து ஐந்து நிமிடத்தில் தேய்த்திருப்பார்கள். புது அடைப்பில் குளிருக்குக் கூசுவது சில நாள் இருக்கலாம், அதற்குப் பொறுக்கலாம். கடித்தால் வலிப்பது வேறு, அதற்குப் பொறுக்கக் கூடாது. பழகட்டும் என்று விட்ட ஒவ்வொரு சாப்பாட்டிலும் மேல்பல் சுத்தியல் மாதிரி அந்த அடைப்பை அடித்திருக்கிறது.

பாக்கைப் பற்றி இன்னும் நேரம் எடுத்துப் பேசினார். களுதாவளை வெற்றிலைக் கொடிக்குப் பேர் போன ஊர். அத்தானுக்கும் கொடித்தோட்டம் இருக்கிறது. அக்கா நாளைக்கு நாலு வாய் போடுகிறவர், எப்போதும் இடப்பக்கத்தில். காய்ந்த பாக்கு மெலிந்த பல்மூலையை உடைக்கும் என்பது ஒரு பக்கம். டொக்டர் கவலைப்பட்டது மற்றதற்கு. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாம் கண்ணாடி பிடித்துப் பார்த்தார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். அக்காவின் வாயில் ஒன்றும் இல்லை. வெளியே இருந்த அத்தானையும் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். பல் அடைக்கப் போன இடத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்று மாதம்

அன்றே நிரந்தரமாக அடைக்க அவர் உடன்படவில்லை. முரசு ஆற வேண்டும். குழியின் விளிம்புகளை முழுதாகச் சுத்தம் செய்தார், நரம்புக்கு நேர் மேலே இருந்த கடைசிப் படையை மட்டும் சுரண்டாமல் விட்டார். எல்லாச் சூத்தையையும் தோண்டினால் நரம்பு வெளியே வந்துவிடும். சுற்றி இறுக்கமாக மூடினால் உள்ளே மிச்சமிருக்கும் கிருமிக்குச் சாப்பாடு கிடையாது, பல்லும் உள்ளிருந்து தன்னைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொள்ளும். ஆழமான சூத்தையில் இப்படிச் செய்வதுதான் இப்போது ஒத்துக்கொள்ளப்பட்ட முறை. மேலே கிளாஸ் அயனோமர் என்ற சீமெந்தால் மூடினார். அது பல்லோடு தானாக ஒட்டும், கொஞ்சம் ஈரம் தாங்கும், புளோரைட்டையும் விடும். ஆனால் கடைவாயில் அரைக்கும் பாரத்தை நெடுநாள் தாங்காது.

செலவு: பஸ் காசு.

கிளினிக் கொப்பியில் பல் இலக்கம், திகதி, வைத்த பொருள், நரம்பின் நிலை, காரணம் என்று எல்லாம் எழுதிக் கையொப்பம் வைத்தார். நிரந்தர அடைப்பை அங்கேயே செய்யலாம் என்றும் சொன்னார். ஆனால் ஒரு காலையில் ஐம்பது அறுபது பேர் காத்திருக்கும் இடத்தில், ஒரு பல்லுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்க ஏலாது என்பதையும் மறைக்கவில்லை. "வெளியில செய்யிறதெண்டா இந்தக் கொப்பியைக் காட்டுங்க. இடைவெளி விடாமச் செய்யச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

விலை கேட்ட விதம்

2024 பெப்ரவரியில் நான் மூன்று கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். முன்பெல்லாம் "பல் அடைக்க எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருப்பேன். இந்த முறை கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். விளிம்பு முரசுக்குக் கீழே இருக்கிறது, ஈரம் வராமல் எப்படிக் காப்பீர்கள்? பக்கத்துப் பல்லோடு தொட வைக்க வளையத் தகடு இருக்கிறதா? எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? ஒரு வருடத்துக்குள் கழன்றால் என்ன செய்வீர்கள்? பல் இலக்கமும் பொருளும் எழுதிய பற்றுச்சீட்டுத் தருவீர்களா?

ஓர் இடத்தில் 7,000 என்றார்கள், மற்றக் கேள்விகளுக்கு "வாங்க, பாப்பம்" என்பதுதான் பதில். இன்னோர் இடத்தில் 18,000. மூன்றாவது இடத்தில் டொக்டரே தொலைபேசிக்கு வந்தார். ரப்பர் விரிப்புக் கட்டித்தான் செய்வேன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், 13,500. ஒரு வருடத்துக்குள் அடைப்பு உரிந்தால் திரும்பப் போடக் காசு இல்லை, பல் உடைந்தால் அது வேறு என்றார். எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே பிரித்துச் சொன்ன அந்த வார்த்தைக்காகவே அவரிடம் போனோம்.

மார்ச்சில் செய்தது. முரசு ஆறியிருந்தது, தொட்டால் இரத்தம் வரவில்லை. முரசோரத்தில் கிளாஸ் அயனோமரைக் கொஞ்சம் விட்டு, மேலே வெள்ளை அடைப்பைப் படை படையாகக் கட்டினார். முடிந்ததும் நூலை இறக்கினார். "டிக்." அக்கா கதிரையில் இருந்தபடியே கையை உயர்த்தி எனக்குக் காட்டினார்.

அடுத்த நாள் காலை, விறைப்பு முழுதாக இறங்கிய பிறகு, கடித்துப் பார்க்கத் திரும்பப் போகச் சொல்லியிருந்தார். ஒரு புள்ளியில் உயரம் நின்றது. தேய்த்துவிட்டார்.

பழைய கிளினிக்குகளிடம் காசு கேட்டோமா என்று சொந்தக்காரர் கேட்பார்கள். முதலாவதில் கேட்கவில்லை. "எந்த முகத்தோட போய்க் கேக்கிற?" என்று அக்கா தடுத்துவிட்டார், எங்களிடம் பற்றுச்சீட்டும் இருக்கவில்லை. இரண்டாவது கிளினிக்குக்கு நான் தனியாகப் போனேன். போகும்போது கோபம் இருந்தது. டொக்டர் அரச ஆஸ்பத்திரிக் கொப்பியை முழுக்க வாசித்தார், தன் பக்கத்தில் தொடுகை சரியாக வரவில்லை என்பதை மறுக்கவில்லை. தங்களிடம் கிரவுன் செய்வதென்றால் அந்த 8,000ஐக் கழிக்கிறேன் என்றார். நியாயமான பேச்சு. காரணம் எழுதிய கடதாசி ஒன்று கையில் இருந்தபடியால்தான் அந்தப் பேச்சு நடந்தது என்று நினைக்கிறேன். வெறும் கோபத்தோடு போயிருந்தால் இரண்டு பேரும் சத்தம் போட்டுவிட்டுப் பிரிந்திருப்போம். பெரிய தவறு நடந்திருந்தால் போக வழி உண்டு: தனியார் மருத்துவ நிலையங்களை 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும், டொக்டர்களை இலங்கை மருத்துவ சபை பதிகிறது. ஆனால் அங்கே போவதற்கும் முதலில் திகதியும் பல் இலக்கமும் எழுதிய கடதாசி வேண்டும்.

கணக்கு

மூன்று அடைப்புக்கும் 4,500, 8,000, 13,500, ஆக 26,000. டவுன் கிளினிக்கின் எக்ஸ்ரே 1,500. இரண்டரை வருடத்தில் பஸ், ஓட்டோ எல்லாமாக 5,200. கையால் போனது 32,700 ரூபாய். தையல் மெசின் நின்ற நாள் ஒன்பது. ஒரு நாளுக்கு 1,500 என்று குறைத்துப் போட்டாலும் 13,500. எல்லாம் சேர்த்தால் 46,200.

நார் மாட்டத் தொடங்கிய கிழமையே முதலாவது கிளினிக்குக்குத் திரும்பிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அடைப்பு அப்போது கழரவில்லை, முரசு வீங்கவில்லை, அடியில் சூத்தை இல்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தியிருக்கலாம். அனேகமாகக் காசும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

பிடுங்கியிருந்தால்? பிடுங்குவது இலவசம். அதன் பிறகு பின்பல் முன்னுக்குச் சாயும், மேல்பல் அந்த இடைவெளிக்குள் இறங்கும், அக்கா ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுவார். எலும்பில் திருகிப் பல் வைக்க எவ்வளவு என்று ஓர் இடத்தில் கேட்டேன், ஒன்றரை இலட்சத்துக்கு மேல் சொன்னார்கள்.

68,000 சொன்ன டொக்டர் பிழையாகச் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். பல்லின் உட்பக்க மூலை மெலிந்துதான் இருக்கிறது. மூன்றாவது டொக்டரும், இந்த அடைப்பு நின்றாலும் சில வருடத்தில் அந்த மூலையை மூடிக் கிரவுன் போடுவது நல்லது என்று எழுதியிருக்கிறார். ஆனால் நரம்பு உயிரோடு இருந்த பல்லுக்கு, குளிர் வைத்துப் பார்க்காமல், வேர்ச் சிகிச்சை என்று விலை எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கிரவுனுக்காக அக்கா 2024 ஏப்ரலில் மாதம் 2,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தார்.

2025 மார்ச்சில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. அடியில் நிழல் இல்லை, வேர் நுனி சுத்தம். வெற்றிலையை முழுக்க விடவில்லை, நாலு வாய் ஒன்றாகியிருக்கிறது, பாக்கு இல்லாமல். பல் நூல் சுருள் தையல் மெசினுக்குப் பக்கத்தில், பொபின் பெட்டிக்குள் கிடக்கிறது.

கடையில் எனக்கு ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. பல்லுக்கொதிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம், பெனடோலை எடுத்துக் கொடுக்கும்போதே அடைத்த பல்லா, எப்போது அடைத்தது, சாப்பாடு மாட்டுதா என்று கேட்கிறேன். அடைப்புக் கழன்றிருந்தால் துண்டை வைத்திருக்கச் சொல்கிறேன். டொக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் அமொக்சிசிலின் என்ற கிருமி கொல்லி மருந்தைக் கேட்கிறவர்களும் வருகிறார்கள். அது கொடுப்பதில்லை. கொடுத்தாலும் திறந்து கிடக்கும் குழியை அது மூடாது.

அக்காவின் அளவுக் கொப்பியில், சட்டை அளவுகள் எழுதும் பக்கங்களுக்குப் பின்னால், கடைசித் தாளில் அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "36, கீழ் இடம், 2024 மார்ச், வெள்ளை, அடியில் அயனோமர்." அதற்குக் கீழே அத்தானின் பல் ஒன்று: "46, கீழ் வலம், வெள்ளி." வருடத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அத்தானுக்கு அது நினைவில்லை.